இலத்தீன் மொழியும் அதன் சொற்கள் சென்று சேர்ந்த இடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலத்தீன் பற்றித் தமிழ் வாசகர்கள் எழுப்பும் ஐயங்களில் பெரும்பாலானவை இரண்டு எண்ணங்களிலிருந்து பிறக்கின்றன. ஐரோப்பிய மொழிகள் அனைத்துக்கும் அதுவே தாய் என்பது ஒன்று. அது பாதிரிமார்களோடு மறைந்துபோன, நமக்குத் தொடர்பற்ற மொழி என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. இலத்தீன் சொற்கள் ஒவ்வொரு மொழிக்குள்ளும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வாயில் வழியாக நுழைந்தவை. எந்த வாயில் என்பதைப் பெரும்பாலும் அந்தச் சொல்லின் உருவமே காட்டிக்கொடுத்துவிடும்.

இலத்தீன் யாருடைய மொழி? அது எவ்வாறு பரவியது?

இத்தாலியின் நடுப்பகுதியில், ரோம் நகரைச் சுற்றியுள்ள இலாத்தியம் என்னும் சிறு நிலப்பரப்பில் வாழ்ந்தவர்களின் மொழியே இலத்தீன். ரோமப் படைகள் சென்ற வழியில் அதுவும் சென்றது. கி.மு. 58 முதல் 50 வரை நடந்த போர்களில் ஜூலியஸ் சீசர் இன்றைய பிரான்சைக் கைப்பற்றினார், கி.பி. 43இல் பிரித்தானியாவும், 106இல் இன்றைய ருமேனியாவின் பெரும்பகுதியான தாசியாவும் பேரரசுக்குள் வந்தன. படைவீரர்களும் வணிகர்களும் வரி தண்டுவோரும் பேசிய இலத்தீனை அந்தந்த ஊர் மக்கள் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி கற்றுக்கொண்டார்கள்.

இலத்தீன் எப்போது இறந்தது?

அது ஒரு நாளில் இறக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு, இடத்துக்கு இடம் மாறி, ஒரு கட்டத்தில் போர்த்துக்கீசியம், ஸ்பானியம், கத்தலான், பிரெஞ்சு, இத்தாலியம், ருமேனியம் என்று வெவ்வேறு பெயர்களால் அழைக்கப்படலாயிற்று. பேச்சும் ஏடும் எவ்வளவு விலகிவிட்டன என்பதை 813ஆம் ஆண்டின் ஒரு முடிவு காட்டுகிறது. பிரான்சிலுள்ள தூர் நகரில் அவ்வாண்டு கூடிய ஆயர்கள், மறையுரைகளை மக்கள் பேசும் நாட்டுப்புற ரோம மொழியிலோ ஜெர்மானிய மொழியிலோ நிகழ்த்துமாறு குருக்களுக்குக் கட்டளையிட்டார்கள். ஏட்டு இலத்தீனில் பிரசங்கம் செய்தால் கேட்பவர்களுக்குப் புரியவில்லை என்பதுதான் காரணம். 842இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இரண்டு அரச சகோதரர்கள் செய்துகொண்ட உறுதிமொழி, பிரெஞ்சின் முன்வடிவத்தில் எழுதப்பட்டுக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றாகக் கருதப்படுகிறது.

ஏட்டு இலத்தீன் தனி வழியில் தொடர்ந்தது. திருச்சபையும் பல்கலைக்கழகங்களும் நீதிமன்றங்களும் அதைக் கைவிடவில்லை. ஹங்கேரி அரசில் 1844 வரை அதுவே ஆட்சிமொழியாக இருந்தது.

பேச்சு இலத்தீனுக்கும் ஏட்டு இலத்தீனுக்கும் அப்படி என்ன வேறுபாடு?

செந்தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையே உள்ளதைப் போன்ற வேறுபாடுதான். குதிரைக்குப் புலவர்களின் சொல் 'எக்குவுஸ்'. பாரம் சுமக்கும் மட்டக் குதிரைக்கு மக்கள் வைத்திருந்த சொல் 'கபால்லுஸ்'. வாழ்ந்தது இரண்டாவது சொல்லே: பிரெஞ்சில் ஷெவால், ஸ்பானியத்தில் கபாயோ, இத்தாலியத்தில் கவால்லோ. தலைக்கு ஏட்டுச் சொல் 'காபுத்'. ஆனால் மண்சட்டியைக் குறித்த 'தெஸ்தா' என்னும் சொல்லைத் தலைக்கும் கேலியாக வழங்கத் தொடங்கி, கேலியே நிலைத்து, பிரெஞ்சில் 'தெத்' என்று தலைக்குரிய பொதுச்சொல்லாகிவிட்டது. நமக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் பாணர் கையிலிருந்த உண்கலத்தின் பெயர் மண்டை. இன்று 'மண்டையில் ஏறவில்லை' என்று சொல்லும்போது யாரும் பாத்திரத்தை நினைப்பதில்லை.

ஆங்கிலம் இலத்தீனிலிருந்து பிறந்த மொழியா?

இல்லை. ஆங்கிலம் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜெர்மனும் டச்சும் அதன் உறவினர்கள். இந்த ஐயம் எழக் காரணம், ஆங்கில அகராதியிலுள்ள சொற்களில் பாதிக்கும் மேற்பட்டவை நேரடியாகவோ பிரெஞ்சு வழியாகவோ இலத்தீனிலிருந்து வந்திருப்பதுதான். ஆனால் ஓர் ஆங்கிலப் பத்தியை எடுத்து, அதில் திரும்பத் திரும்ப வரும் சிறு சொற்களையும், தாய், தந்தை, வீடு, தண்ணீர், வா, போ போன்றவற்றுக்குரிய சொற்களையும் பார்த்தால், அவை ஜெர்மானியச் சொற்களாகவே இருக்கும். வீட்டை எழுப்பியவர்கள் ஒரு குடியினர். அறைகலன்களில் பெரும்பங்கு வேறிடத்திலிருந்து வந்தவை.

அந்த அறைகலன்களும் ஒரே வண்டியில் வந்து இறங்கவில்லை. ஆங்கிலேயரின் முன்னோர் ஐரோப்பியக் கண்டத்தில் வாழ்ந்தபோதே ரோமர்களோடு பண்டம் மாற்றிய காலத்தில் பெற்றவை வைன், சீஸ், ஸ்ட்ரீட், மைல் போன்ற சொற்கள். மைல் என்பது 'மில்லே', அதாவது ஆயிரம். ரோமப் படைவீரரின் ஆயிரம் இரட்டை அடிகளே ஒரு மைல். பாசறையைக் குறிக்கும் 'காஸ்த்ரா' என்பதுதான் மான்செஸ்டர், லங்காஸ்டர் ஆகிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கிறது. 597இல் அகுஸ்தீன் என்னும் துறவி கென்ட் பகுதிக்கு வந்து கிறித்தவத்தைப் பரப்பத் தொடங்கியபின் வழிபாட்டுச் சொற்கள் நுழைந்தன. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்றதால் சட்டம், வரி, சமையல், அரசவை ஆகிய துறைகளின் சொற்கள் பிரெஞ்சு உடையில் வந்தன. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் இலத்தீன் நூல்களிலிருந்து சொற்களை நேராக எடுத்துப் பயன்படுத்தலானார்கள். மைப்புட்டியின் நாற்றம் வீசும் சொற்கள் என்று அக்காலத்திலேயே அவற்றைப் பழித்தவர்களும் உண்டு.

ஒரே இலத்தீன் சொல் ஆங்கிலத்தில் இரண்டு வடிவங்களில் இருப்பது ஏன்?

இதற்குரிய கலைச்சொற்கள் தமிழ் இலக்கணத்திலேயே ஆயத்தமாக இருக்கின்றன: தற்பவம், தற்சமம். வடமொழிச் சொல் தமிழ் ஒலிக்கேற்பத் திரிந்து வந்தால் தற்பவம். ஏறத்தாழ அப்படியே வந்தால் தற்சமம். 'சப்த' என்னும் ஒரே சொல்லிலிருந்து வந்த சத்தமும் சப்தமும் இன்றும் நம்மிடம் அருகருகே வழங்குவதைப் போல, எளிதில் உடையக்கூடியது என்னும் பொருளுடைய 'ஃப்ராகிலிஸ்' ஆங்கிலத்துக்கு இருமுறை வந்தது. மக்கள் வாயில் தேய்ந்து பிரெஞ்சு வழியாக வந்தது ஃப்ரெய்ல். நூலிலிருந்து எடுக்கப்பட்டது ஃப்ரஜைல். உடல் நலிந்த முதியவருக்கு முதல் சொல்லும், கண்ணாடிப் பெட்டியின்மேல் ஒட்டும் சீட்டுக்கு இரண்டாவதும் என்று அவை வேலையையும் பங்கிட்டுக்கொண்டன. ராயல், ரீகல் என்னும் இணையும் இத்தகையதே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் ஆங்கிலச் சொல்லை நம் பிள்ளைகள் எழுதும்போது, ஒலிக்காத 'பி' என்னும் எழுத்தை மறந்து மதிப்பெண் இழப்பார்கள். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அச்சொல்லில் அந்த எழுத்து இல்லை. இதன் மூலம் இலத்தீனின் 'தெபித்தும்' என்பதை அறிந்த பிற்காலத்துப் புலமையாளர்கள், குலப்பெருமை தெரிய வேண்டும் என்று கருதி, யாரும் ஒலிக்காத எழுத்தை நடுவில் செருகினார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்னும் சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் மோசம்: அது தூய ஜெர்மானியச் சொல், இலத்தீனின் 'இன்சுலா'வோடு தொடர்புடைய வேறொரு சொல்லோடு குழப்பி, தேவையே இல்லாத 'எஸ்' ஒன்றை அதற்குச் சூட்டிவிட்டார்கள்.

ஒரு சொல் எக்காலத்தில் கடன் வாங்கப்பட்டது என்பதை எப்படி அறிகிறார்கள்?

ஒலியைக் கொண்டு. செவ்வியல் இலத்தீனில் 'சி' என்னும் எழுத்து எங்கு வந்தாலும் ககர ஒலியே பெறும். சில உயிர்களுக்கு முன் அது சகரமாகத் திரிந்தது பிற்காலத்தில். ஜெர்மன் மொழியில் நிலவறைக்குரிய 'கெல்லர்' ககரத்தோடு இருக்கிறது. ஆகவே அது பழைய கடன். துறவியின் சிற்றறைக்குரிய 'த்ஸெல்லே' திரிந்த ஒலியோடு இருக்கிறது. ஆகவே அது மடங்கள் தோன்றியபின் வந்த கடன். இரண்டுக்கும் வேர் ஒன்றே. சீசர் என்னும் பெயரே ஜெர்மனில் 'கைசர்' என்று பழைய ஒலியைக் காத்து நிற்க, உருசியாவில் 'ஜார்' என்று குறுகிவிட்டது.

தமிழில் இலத்தீன் சொற்கள் உண்டா?

நேரடியாக வந்தவை மிகச் சில. இலத்தீனின் மகளான போர்த்துக்கீசியம் வழியாக வந்தவை ஏராளம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபின், முத்துக்குளித்துறையிலும் நாகப்பட்டினத்திலும் சாந்தோமிலும் இலங்கையிலும் போர்த்துக்கீசியர் தங்கினர். அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் இன்று நம் வீட்டுக்குள் பரவிக் கிடக்கின்றன. கதவைக் குறித்த 'யானுவா' என்பதன் சிறுமை வடிவத்திலிருந்து வந்தது ஜன்னல், அதாவது சிறு கதவு. 'மேன்சா' மேசையாயிற்று. கருவிகளும் படைக்கலங்களும் வைக்கும் 'அர்மாரியும்' அலமாரியாகி, இப்போது புடவைகளைத் தாங்குகிறது. பறவையின் இறகைக் குறித்த 'பென்னா' பேனாவாயிற்று. இறகைச் சீவி எழுதிய காலத்தின் எச்சம் அது. கட்டடம் கட்டுமிடத்தில் அதிகாரம் செலுத்தும் மேஸ்திரி, ஆசான் என்னும் பொருளுடைய 'மாகிஸ்தெர்' வழி வந்தவர். சமையலறையைக் குசினி என்றும், ரொட்டியைப் பாண் என்றும் இலங்கைத் தமிழர் சொல்கிறார்கள். பாணின் மூலமான 'பானிஸ்' போர்த்துக்கீசியக் கப்பலில் ஜப்பான் வரை சென்று அங்கும் 'பான்' என்றே வழங்குகிறது.

இவற்றுள் சாவியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இலத்தீனில் சாவிக்கு 'க்ளாவிஸ்' என்று பெயர். அது பிரெஞ்சில் 'க்ளே', இத்தாலியத்தில் 'கியாவே', ஸ்பானியத்தில் 'யாவே' என்று ஆயிற்று. சொல் முதலில் நின்ற 'க்ள' என்னும் மெய்ம்மயக்கத்தைச் சகரமாக்கியது போர்த்துக்கீசியம். அதன் 'சாவே'யே நம் சாவி. அச்சொல்லைப் பிரெஞ்சுக்காரர் நமக்குத் தந்திருக்க முடியாது என்பதற்கு வரலாற்று ஆவணம் எதுவும் தேவையில்லை. முதல் எழுத்தே சாட்சி.

போர்த்துக்கீசியம் வழியாக வந்தவை அனைத்தும் இலத்தீன் என்று முடிவு கட்டுவதும் தவறு. ஏலம் அவர்கள் அரபியிடமிருந்து பெற்ற சொல். அன்னாசியும் கொய்யாவும் அமெரிக்கப் பழங்குடிகளின் சொற்கள்.

ஆங்கிலம் வழியாக வந்தவற்றுள் எனக்குப் பிடித்தது பஸ். 'ஓம்னிபுஸ்' என்றால் இலத்தீனில் 'எல்லோருக்கும்' என்று பொருள். 1820களில் பிரான்சின் நாந்த் நகரில் பொதுமக்கள் யாவரும் ஏறக்கூடிய குதிரை வண்டிக்கு அப்பெயர் வழங்கியது. பின்னர் முன்பகுதி தேய்ந்து ஈறு மட்டும் மிஞ்சிற்று. அந்த 'புஸ்' நம் நான்காம் வேற்றுமை உருபுக்கு இணையானது. நாள்தோறும் நாம் இடம்பிடிக்க முண்டியடிப்பது ஒரு 'கு' உருபில்தான்!

தமிழ்க் கிறித்தவர்களிடையே இலத்தீனின் தடம் எத்தகையது?

ஆழமானது, ஆனால் சில இடங்களில் கண்ணுக்குத் தெரியாதபடி மொழிபெயர்ந்து கிடப்பது. திருத்தூதர் பவுலைக் கத்தோலிக்கர்கள் சின்னப்பர் என்று அழைப்பது வழக்கம். 'பவுலுஸ்' என்றால் இலத்தீனில் சிறியவர்; அந்தப் பொருளைத் தமிழாக்கி, மரியாதை விகுதி சேர்த்ததே சின்னப்பர். சின்னப்பன் என்று பெயர் வைத்துக்கொண்டு, தம் பெயருக்குள் ஓர் இலத்தீன் சொல் மொழிபெயர்ந்து இருப்பதை அறியாதவர்கள் பலர்.

ஐரோப்பியர் தமிழ் கற்றதும் இலத்தீன் வழியாகத்தான். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் என்னும் சீர்திருத்தச் சபையின் போதகர் சீகன்பால்க் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் என்று நாம் அறியும் பெஸ்கி, பேச்சுத் தமிழாகிய கொடுந்தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அம்மொழியில் பெயர்த்தார். கத்தோலிக்கரான அவர், தரங்கம்பாடியின் லுத்தரன் சபையாரோடு கடுமையாக வாதிட்டவர்; அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டதோ அதே லுத்தரன் அச்சகம். கத்தோலிக்கக் கோயில்களில் திருப்பலி வழிபாடு 1960கள் வரை இலத்தீனில் நிகழ்ந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விளைவாகவே அது தமிழுக்கு மாறியது.

செப்டம்பர் ஏழாம் மாதமா, ஒன்பதாம் மாதமா?

பெயர்ப்படி ஏழாவது. 'செப்தெம்' ஏழு, 'ஒக்தோ' எட்டு, 'நோவெம்' ஒன்பது, 'தெக்கெம்' பத்து. ரோமரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் கணக்கு சரியாக இருந்தது. ஆண்டின் தொடக்கம் ஜனவரிக்கு நகர்ந்தபின் பெயர்கள் மட்டும் பழைய இடத்தையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஐந்தாம் மாதம் கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் பெயரையும், ஆறாம் மாதம் கி.மு. 8இல் அகுஸ்துஸின் பெயரையும் பெற்றன. இலங்கைத் தமிழ் ஏடுகள் யூலை என்று அச்சிடுவதைத் தமிழ்நாட்டினர் சிலர் விநோதமாகப் பார்ப்பதுண்டு. சீசரின் காலத்தில் அப்பெயர் 'யூலியுஸ்' என்றே ஒலித்தது; ஆகவே யூலைதான் அவருக்கு நெருக்கமானது.

மருந்துச்சீட்டில் மருத்துவர் எழுதும் குறிகள் இலத்தீனா?

ஆம். சீட்டின் தலைப்பில் குறுக்குக் கோடிட்டு எழுதப்படும் 'ஆர்எக்ஸ்' என்பது 'ரெக்கிப்பே', அதாவது 'எடுத்துக்கொள்' என்னும் ஏவல். முன்பு இது மருந்தைக் கலப்பவருக்கு இட்ட கட்டளை: இன்னின்ன சரக்கை இவ்வளவு எடு என்பது. 'பி.டி.' என்றால் 'பிஸ் இன் தியே', நாளுக்கு இருமுறை. 'டி.டி.எஸ்.' என்றால் நாளுக்கு மும்முறை உட்கொள்ளத்தக்கது. 'ஏ.சி.' உணவுக்கு முன், 'பி.சி.' உணவுக்குப் பின், 'எச்.எஸ்.' உறங்கும் வேளையில்.

நோயாளிகளை அதிகம் அச்சுறுத்துவது 'எஸ்.ஓ.எஸ்.'. காய்ச்சல் மாத்திரைக்கு எதிரே அதைக் கண்டதும், மூழ்கும் கப்பலின் அபாயக் குறிப்பு நினைவுக்கு வருவது இயல்பு. சீட்டில் இருப்பது வேறு: 'சி ஓபுஸ் சித்', தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள். கப்பல்காரர்களின் குறிக்கோ விரிவே கிடையாது. தந்தியில் தட்ட எளிதாக இருந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒலி வரிசை அது. இக்குறிகள் குழப்பம் தருவதால் பல மருத்துவமனைகள் அவற்றைத் தவிர்க்கச் சொல்கின்றன. நம் மருந்துக் கடைக்காரர் அட்டையில் 1-0-1 என்று எழுதித் தருவது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

சிறுநீரகக் கல்லுக்கான ஸ்கேன் அறிக்கையில் 'கால்குலஸ்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, கணிதத்துக்கு இங்கு என்ன வேலை என்று திகைப்பவர்களும் உண்டு. 'கல்குலுஸ்' என்றால் கூழாங்கல். ரோமர் கற்களை நகர்த்திக் கணக்கிட்டதால் அது கணிதத்துக்குப் பெயராயிற்று. மருத்துவத்தில் கல் கல்லாகவே நின்றுவிட்டது.

நீதிமன்றச் சொற்கள் எவை?

இந்திய அரசமைப்பின் 32ஆம் உறுப்பு, உச்ச நீதிமன்றம் பிறப்பிக்கக்கூடிய ஐந்து நீதிப்பேராணைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவற்றுள் நான்கின் பெயர்கள் இன்றும் இலத்தீனிலேயே இருக்கின்றன. 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்றால் 'ஆளை உடலோடு கொண்டுவருவாயாக' என்பது கருத்து. தமிழில் ஆட்கொணர்வு மனு என்று ஆக்கியவர் பாராட்டுக்குரியவர், ஏனெனில் மூலத்தைவிடத் தமிழ்ச் சொல் தெளிவாக இருக்கிறது. 'மாண்டமஸ்' என்பது 'கட்டளையிடுகிறோம்' என்னும் ஒரே வினைமுற்று. நீதிமன்றம் 'சூவோ மோட்டு' வழக்கு எடுத்தது என்பதை நாளிதழ்கள் தாமாக முன்வந்து என்று எழுதுகின்றன. குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்தேன் என்று வாதிடும் 'அலிபி'க்கும் 'வேறிடத்தில்' என்பதே பொருள்.

தாவரங்களுக்கு இலத்தீன் பெயர் ஏன்?

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு தாவரத்துக்கும் இரண்டு சொற்களாலான பெயர் தந்தார். அன்றைய அறிஞர் அனைவருக்கும் பொதுவான மொழி இலத்தீன். பனைமரம் 'பொராசஸ் ஃப்ளாபெல்லிஃபெர்'. இரண்டாவது சொல்லுக்கு விசிறி தாங்கி என்று பொருள், ஓலையைப் பார்த்தவர் வைத்த பெயர். பெயர்கள் இலத்தீன் உருவில் இருக்க வேண்டுமே தவிர, வேர் எந்த மொழியாகவும் இருக்கலாம். 'மொரிங்கா ஒலெய்ஃபெரா'வின் முற்பகுதி நம் முருங்கை அல்லது மலையாளத்தாரின் முரிங்ங. பிற்பகுதி எண்ணெய் தருவது என்னும் இலத்தீன். புதிய தாவரத்தின் விளக்கக் குறிப்பையும் இலத்தீனில் எழுத வேண்டும் என்னும் விதி 2012 சனவரி முதல் நீங்கியது. இப்போது ஆங்கிலமும் போதும்.

நம் நாட்டுச் சொற்கள் இலத்தீனுக்குச் சென்றனவா?

சென்றன, பெரும்பாலும் மிளகு மூட்டைகளோடு. ரோம எழுத்தாளர் பிளினி முசிறித் துறைமுகத்தைக் குறிப்பிடுகிறார். மிளகுக்குரிய இலத்தீன் 'பிப்பெர்', வடமொழியில் திப்பிலியைக் குறித்த 'பிப்பலி' கிரேக்கம் வழியாகச் சென்ற உருவம். இஞ்சிக்குரிய 'சிங்கிபெர்' பிராகிருதம், கிரேக்கம் ஆகியவற்றைக் கடந்து சென்றது. அதன் தொடக்கத்தில் இஞ்சி வேர் என்னும் திராவிடத் தொடர் இருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அச்சொல் பிரெஞ்சைக் கடந்து ஆங்கிலத்தில் ஜிஞ்சராகி, பிஸ்கட் உறையில் நம் ஊருக்குத் திரும்பியிருக்கிறது.

இலத்தீன் சமஸ்கிருதத்தின் தாயா, மகளா?

இரண்டுமல்ல, உடன்பிறப்பு. தந்தையைக் குறிக்கும் 'பாத்தெர்'க்கும் 'பித்ரு'வுக்கும், ஏழு என்னும் பொருளுடைய 'செப்தெம்'முக்கும் 'சப்த'வுக்கும் உள்ள ஒற்றுமை கடனால் வந்ததன்று. இன்று வழக்கில் இல்லாத ஒரு பொது மூலத்திலிருந்து இவை வந்திருக்க வேண்டும் என்று 1786இல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் எடுத்துரைத்தார். தமிழ் அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

ரோம வீரர்களுக்கு உப்பைச் சம்பளமாகத் தந்தார்களா?

'சலாரியும்' என்னும் சொல்லில் உப்பைக் குறிக்கும் 'சால்' இருப்பது உண்மை. வீரர்களுக்கு உப்பை அளந்து கூலியாகக் கொடுத்ததற்குப் பழைய சான்று எதுவும் இல்லை. பலரும் நம்பும் அக்கதை பிற்காலத்து ஊகமே.

இலத்தீன் பெயர்களைத் தமிழில் எழுதும்போது எந்த ஒலிப்பைப் பின்பற்றுவது?

மூன்று வழக்குகள் உள்ளன. பழைய ரோமரின் ஒலிப்புப்படி கைசர், கிக்கெரோ; இத்தாலிய மரபைத் தழுவிய திருச்சபை ஒலிப்புப்படி சேசர், சிச்செரோ; ஆங்கில வழியில் சீசர், சிசரோ. மக்கள் நாவில் நிலைத்துவிட்ட பெயர்களை மாற்ற முயல்வது வீண் வேலை. சீசரைச் சீசர் என்றே எழுதலாம். இலத்தீன் சொல்லையே எடுத்துக்காட்டும்போது மட்டும் பழைய ஒலிப்பைப் பின்பற்றுவது நல்லது. இங்கும் கூடியவரை அவ்வாறே செய்யப்பட்டுள்ளது. தமிழில் விவிலியத்தைப் பெயர்த்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. அண்மைக் காலத்துக் கத்தோலிக்கப் பெயர்ப்பு சீசர் என்றே எழுதுகிறது. சீர்திருத்தச் சபைகளின் பழைய பெயர்ப்போ அந்தப் பெயரையே கைவிட்டு, இராயன் என்று எழுதிவிட்டது.